மாட வீதியில் ஒரு காமிரா வார்

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளன்று மயிலாப்பூர் மாட வீதிகளில் நடப்பது என்று ஒன்று கிடையாது. நாம் நிற்கிறோம், கூட்டம் நம்மை நகர்த்துகிறது. அவ்வளவுதான். பிற்பகல் வெயிலில் கபாலீசுவரரும் கற்பகாம்பாளும் எழுந்தருள, அறுபத்து மூன்று நாயன்மார்களும் சப்பரங்களில் உடன் வருகிறார்கள். அவர்களைக் காணத் தகப்பன்மாரின் தோள்மீது குழந்தைகள். திண்ணைகளிலும் மாடிகளிலும் தாய்மார்கள். மூலைக்கு மூலை நீர்மோர்ப் பந்தல். சேக்கிழார் பெருமான் பாடிய அடியார் கூட்டத்தைக் கண்ணால் காண வேண்டுமானால் சென்னையில் இதைவிடச் சிறந்த இடம் வேறு இல்லை.

இந்தக் காட்சியைப் படம் பிடிக்கக் காமிராவுடன் கிளம்புகிறவர்கள், எந்த லென்ஸ் கொண்டு போகலாம் என்று பத்து நாள் யோசிக்கிறார்கள். காமிராவை எதில் மாட்டிக் கொண்டு போவது என்று பத்து நிமிஷம்கூட யோசிப்பதில்லை. பெட்டிக்குள் கம்பெனிக்காரர்கள் வைத்திருக்கும் வாரை எடுத்துக் கழுத்தில் போட்டுக் கொள்கிறார்கள். பெரும்பாலும் அது கறுப்புப் பட்டை. அதில் ஒரு ஜப்பானியக் கம்பெனியின் பெயர், எதிர் வீட்டு மாடியிலிருந்து படிக்கக்கூடிய அளவில் வெள்ளையிலோ மஞ்சளிலோ பளிச்சிடும். அந்த நாளில் சினிமா விளம்பரத் தட்டியை மார்பிலும் முதுகிலும் கட்டிக் கொண்டு தெருவில் போனவனுக்காவது கூலி கிடைத்தது. நாமோ கைப்பணத்தைக் கொடுத்துச் சாமானையும் வாங்கி, அதன் விளம்பரத்தையும் இலவசமாகச் சுமந்து வருகிறோம்!

பெருமைக் குறைவு இருக்கட்டும், காரியமும் கெடுகிறது. தெப்பக்குளக் கரையில் ஒரு பாட்டி, சப்பரம் திரும்பும் திக்கைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறாள். அந்த முகத்துக்காகத்தான் நாம் வந்திருக்கிறோம். ஆனால் மஞ்சள் எழுத்து கண்ணில் பட்டதும் பாட்டி கையை இறக்கிப் புடைவைத் தலைப்பைச் சரி செய்து கொள்கிறாள். பக்கத்தில் நிற்பவர், "எந்தப் பத்திரிகை, சார்?" என்று விசாரிக்கிறார். நாலு பையன்கள் லென்ஸுக்கு முன்னால் வந்து பல்லைக் காட்டுகிறார்கள். பக்தி போய்விட்டது, போட்டோ பிடிக்கும் வைபவம் வந்துவிட்டது.

பிரெஞ்சுக்காரரான ஆன்றி கார்த்தியே பிரஸ்ஸோன் இதை நன்றாக அறிந்தவர். 1948-ஆம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி, மகாத்மா சுடப்படுவதற்குச் சற்று முன்னால் அவரைச் சந்தித்துவிட்டு வந்தவர். 1950-இல் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தவர். அவர் தம்முடைய சிறிய லைகா காமிராவின் பளபளக்கும் பாகங்கள்மீது கறுப்பு ஒட்டுப் பட்டை ஒட்டி வைத்திருந்தார். இப்படி அடங்கி இருப்பதைத் திருட்டுத்தனம் என்று சிலர் சொல்லக்கூடும். நாம் அப்படி நினைக்கவில்லை. பிறருடைய பிரார்த்தனைக்கு நடுவே நம் சாமானை நீட்டிக் காட்டாமல் இருப்பது மரியாதை. படத்தை எடுத்த பின் அந்தப் பாட்டியிடம் காட்டி, அவள் வேண்டாமென்றால் அழித்துவிடுவதும் அதே மரியாதையின் மறுபாதி.

இனி உடம்பின் சௌகரியம். பெரிய காமிராவும் நீண்ட லென்ஸும் சேர்ந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் போகும். அத்தனை பாரமும் மெல்லிய வாரில் பிடரியின்மேல் நாலு மணி நேரம் தொங்கினால், மறுநாள் தலையைத் திருப்பாமலேயே காப்பி சாப்பிட நேரிடும். கழுத்தில் மாட்டாமல், இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குப் பூணூல் போல் குறுக்காகப் போட்டுக் கொள்வதே உத்தமம். காமிரா இடுப்போடு ஒட்டி நிற்கும். வலது கை இறங்கினால் பிடி அகப்படும். நெரிசலில் எவனும் சுலபத்தில் உருவிக் கொண்டு ஓட முடியாது. புடைவை உடுத்தியவர்கள் வலது தோளில் மாட்டினால் தலைப்பு கசங்காது. கைக்கு அடக்கமான சின்னக் காமிராவாயிருந்தால் இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். மணிக்கட்டில் ஒரு சுருக்கு வார் போதும்.

வார் எதனால் ஆனது என்பது பங்குனி வெயிலில் முக்கியமான கேள்வி. நைலான் வேர்வையை உறிஞ்சாது. ஓரம் தோளை அறுக்கும். ரப்பர் போல் இழுபடும் பட்டை கடையில் மெத்தென்று இருக்கும். நடக்கும்போதோ காமிரா ஊஞ்சலாடும். தோல் பார்வைக்கு அழகு; ஆனால் நனைந்து நனைந்து உலர்ந்தால் விறைத்துப் போகும், வெள்ளைச் சட்டையிலும் கறை படியும்.

நம் ஊரில் நாடாக் கட்டிலுக்குப் பின்னும் பருத்தி நாடாவை யாரும் ஏன் நினைப்பதில்லை என்பது நமக்கு ஆச்சரியம். மூன்று தலைமுறையின் தூக்கத்தைத் தாங்கிய சரக்கு, இரண்டு கிலோக் காமிராவைத் தாங்காதா? இரண்டு விரல் அகலத்தில் அழுத்தமான நெசவாகப் பார்த்து இரண்டு கஜம் வாங்கி, தையற்காரரிடம் தோள் படும் இடத்தை மட்டும் இரட்டையாக மடித்துத் தைக்கச் சொல்ல வேண்டும். காமிராவின் வளையத்தில் கோக்கும் இரு முனைகளுக்கும் செருப்புத் தைப்பவரிடம் தோல் நாக்கு வைத்து, மெழுகு நூலால் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்து வாங்கலாம். கறுப்போ காப்பிக் கொட்டை நிறமோ சாயம் ஏற்றினால் கூட்டத்தில் கண்ணுக்குத் தெரியாது. சாயம் போகிறதா என்று உப்புத் தண்ணீரில் அலசிப் பார்த்துக் கொள்ளவும். இல்லாவிட்டால் சட்டையில் தெரியும்.

முடிந்ததும் உடனே காமிராவை மாட்டிவிடக் கூடாது. பத்து லிட்டர் வாளி நிறையத் தண்ணீர் ஊற்றி, அதை வாரில் கட்டி ஓர் இரவு முழுவதும் தொங்க விட வேண்டும். காலையில் தையல் ஒன்றுகூடப் பிரியாமல் இருந்தால் தைரியமாகப் புறப்படலாம். காமிராவின் அடியிலுள்ள திருகில் மாட்டும் வாரை வைத்திருப்பவர்கள் மணிக்கொரு தரம் விரலால் முடுக்கிப் பார்க்கட்டும். நடக்க நடக்க அது தானே தளரும்.

மயிலாப்பூரிலேயே பிறந்த நாயனார் ஒருவர் அந்தச் சப்பரங்களில் வருகிறார். வாயிலார் என்று பெயர். வாய் பேசாமல் மனத்துக்குள்ளேயே ஈசனுக்குக் கோயில் எடுத்துப் பூஜித்தவர். அவரைப் படமெடுக்க நினைப்பவர்கள் தெப்பக்குளத்தை ஒட்டி முன்னதாகவே ஓர் இடம் பார்த்து நின்று கொள்வது நல்லது. இரவு வீடு திரும்பியதும் வாரைக் கழற்றிச் சோப்பு நீரில் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். திருவிழாவில் இன்னும் இரண்டு நாள் பாக்கி இருக்கிறது.