பங்கும் பொறுமையும்

பணம் சம்பாதிக்க வேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு இயற்கை. காலையில் விதைத்து மாலையில் அறுவடை செய்துவிட வேண்டும் என்ற ஆசைதான் வியாதி. முன்பெல்லாம் இந்த வியாதிக்காரர்கள் கிண்டிக்குக் குதிரைப் பந்தயத்துக்குப் போக வேண்டியிருந்தது. ரயில் சார்ஜுக்குப் பயந்தே பல குடும்பஸ்தர்கள் தப்பித்துக்கொண்டார்கள். இன்று அந்தப் பாதுகாப்பும் போய்விட்டது. காலை ஒன்பதே கால் மணிக்குப் பங்கு மார்க்கெட் நம் சட்டைப் பைக்குள்ளேயே திறக்கிறது. பிற்பகல் மூன்றரைக்கு மூடுகிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் வேலை பார்க்கும் என் தமக்கை மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

"மாமா, வேலையை விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். ஒரு மாதச் சம்பளத்தை மார்க்கெட்டில் இரண்டே நாளில் எடுத்துவிடலாம். அப்பா ரிடயரான பணம் பாங்கில் தூங்கிக்கொண்டுதானே இருக்கிறது?" என்றான்.

அந்தப் பணத்தை நம்பித்தான் அவனுடைய தங்கையின் கல்யாணம் இருந்தது. "தூங்குகிற பணத்தைத் தட்டி எழுப்பினால், அது எழுந்து வீட்டை விட்டே போய்விடும், அப்பா!" என்றேன்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் அல்ல. பங்கு மார்க்கெட்டைக் கண்காணிக்கும் செபி 2024 ஜூலையில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. 2022-23ஆம் ஆண்டில் அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்ற தனி நபர்களில் பத்துப் பேருக்கு ஏழு பேர் நஷ்டமடைந்தார்கள். வருஷத்துக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் வியாபாரம் செய்தவர்களிலோ, நூற்றுக்கு எண்பது பேருக்கு நஷ்டம். சுறுசுறுப்பு கூடக் கூட நஷ்டமும் கூடும் தொழில் உலகத்தில் வேறு எது இருக்கிறது? நஷ்டப்பட்டவர்கள், அந்த நஷ்டத்தில் நூற்றுக்கு 57 பங்குக்குச் சமமான தொகையைத் தரகு முதலிய செலவுகளுக்கு வேறு தனியாக அழுதார்கள்.

மருமான் சற்று யோசித்தான். "சரி, மாமா. அப்படியானால் நொடித்துப் போன கம்பெனி ஒன்றின் பங்கை மலிவாக வாங்கி, அது நிமிரும் வரையில் காத்திருக்கிறேன். அது சரிதானே?" என்றான்.

இதற்கு அவ்வளவு சுலபமாகப் பதில் சொல்ல முடியவில்லை. நம் பக்கத்திலேயே உள்ள இரண்டு தொழிற்சாலைகளின் கதையைச் சொன்னேன்.

ஒன்று, 2018 வரையில் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த திருவொற்றியூரின் என்ஃபீல்டு ஆலை. 1955இல் ஏற்பட்ட கம்பெனி அது. 2000ஆம் ஆண்டில், மாதம் ஆறாயிரம் மோட்டார் சைக்கிள் செய்யக்கூடிய நிலையில் சுமார் இரண்டாயிரம்தான் விற்றது. மூடிவிடலாமா, விற்றுவிடலாமா என்று தாய்க் கம்பெனியான ஐஷர் யோசித்தது. இருபத்தாறு வயதான ஸ்ரீ சித்தார்த்த லால் அவகாசம் கேட்டுப் பொறுப்பேற்றார். ஜெய்ப்பூரிலிருந்த ஆலை மூடப்பட்டது. ஐஷரின் பதினைந்து தொழில்களில் பதின்மூன்று கைவிடப்பட்டன. புது எஞ்ஜினுடன் 'கிளாஸிக்' வண்டி வந்தது 2009இல்தான். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்ற ஐஷர் பங்கு, 2017இல் முப்பதாயிரத்தைத் தாண்டிற்று. 2020 மார்ச்சில் அதுவே பாதிக்கும் கீழே இறங்கியது என்பதையும் மறக்கக் கூடாது.

மற்றொன்று, திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998இல் மிட்சுபிஷி லான்ஸர் கார் செய்த தொழிற்சாலை. அம்பாஸடர் காரை நாட்டுக்கு அளித்த கம்பெனி என்றாவது நிமிரும் என்று நம்பியவர்கள் அநேகர். 2014 மே மாதத்தில் உத்தர்பாராவில் அம்பாஸடர் நின்றது. அதே வருஷம் திருவள்ளூர் ஆலையும் அக்கம்பெனியின் கையை விட்டு, அதே குழுவைச் சேர்ந்த வேறொரு கம்பெனிக்குப் போயிற்று. 2021இல் அங்கே சிட்ரோயன் கார்கள் தயாராகத் தொடங்கின. ஆலை பிழைத்தது, ஆனால் பழைய கம்பெனியை நம்பிக் காத்திருந்தவர்களுக்கு அந்த உயிரில் பங்கில்லை!

ஆகவே பொறுமை மாத்திரம் போதாது. கம்பெனி விற்கும் சரக்கை ஜனங்கள் விரும்புகிறார்களா, கடன் குறைகிறதா, வியாபாரத்திலிருந்து ரொக்கம் உண்மையில் வருகிறதா, நடத்துகிறவர்கள் நாணயஸ்தர்களா என்று வருஷா வருஷம் ஆண்டறிக்கையைப் படித்துப் பார்க்க வேண்டும். இப்படிப் பாராமல் காத்திருப்பது பொறுமை அல்ல, வெறும் பிடிவாதம். பார்த்த பிறகும், போனால் குடும்பம் அசையாது என்ற அளவுக்கு மேல் அதில் போடக் கூடாது. கல்யாணப் பணத்துக்கு அங்கே வேலையே இல்லை.

1906இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது, பங்கு ஒன்று இருபத்தைந்து ரூபாய். கப்பல் கடலில் ஓட வேண்டும் என்பதற்காக வாங்கினார்கள். 1911இல் அக்கம்பெனி கலைந்தது. உயர்ந்த நோக்கமும் நஷ்டத்தைத் தடுக்கவில்லை. ஆனால் தங்கள் பணம் எந்த வேலைக்குப் போயிற்று என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. காலையில் வாங்கி மாலையில் விற்பவனுக்கு, அந்தக் கம்பெனி கப்பல் விடுகிறதா, கற்கண்டு செய்கிறதா என்பதுகூடத் தெரிய வேண்டியதில்லை.

மருமான் வேலையை விடவில்லை. தங்கையின் கல்யாணப் பணமும் பாங்கிலேயே இருக்கிறது. தன் சம்பளத்தில் மிஞ்சுவதில் மாதம் ஒரு சிறு தொகையை மட்டும் பங்குகளுக்கு ஒதுக்கியிருக்கிறான். ஆண்டறிக்கைகளையும் படிக்கிறான், படிக்கப் படிக்க, வாங்க வேண்டிய கம்பெனிகளின் ஜாபிதா சுருங்கிக்கொண்டே வருகிறதாம். அது நல்ல அறிகுறி என்றே எனக்குத் தோன்றுகிறது. நாட்டின் தொழில்கள் வளர நம்மைப் போன்றவர்களின் சேமிப்பும் வேண்டியதுதான். ஆனால் தொழிலுக்கு முதல் கொடுப்பது வேறு, அதன் பெயரை வைத்துப் பந்தயம் கட்டுவது வேறு.