பசை வாங்கும்போது பெயரை மட்டும் பார்த்தால் போதுமா?

சவர்க்காரமோ பால்மாவோ, கடைக்குப் போனால் பெயர் சொல்லி வாங்குவதுதான் நம் எல்லோருக்கும் பழக்கம். பெயர் தெரிந்த பொருள் என்றால் மனதுக்கு ஒரு நம்பிக்கை. மரவேலைக்கான பசையையும் நாம் அப்படித்தான் வாங்குகிறோம். பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், எங்கள் லயத்து இஸ்தோப்பில் இருந்துகொண்டு, தேயிலைக் கட்டைகளில் தட்டு, விளக்குத் தண்டு, சுவர்க் கடிகாரச் சட்டம் என்று சின்னச் சின்னச் சாமான்கள் செய்து வருகிறேன். இதைப் பார்க்க வரும் சகோதரிகள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அக்கா, எந்தக் கம்பெனி எபொக்சி நல்லது?" அதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் கட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீள்நடுகைக்காகப் பழைய தேயிலையைப் பிடுங்கும்போது தூர் முழுவதும் விறகுக்குத்தான் போகும். ஆனால் அது சாதாரண விறகு அல்ல. பல வருடம் மெதுவாக வளர்ந்த வைரமான மரம். இழைத்தால் கண்ணாடி போலப் பளபளக்கும். அதில் ஒரு குறை உண்டு. சில வருடங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறோம் அல்லவா? அந்த வெட்டுக் காயங்கள் வழியாக மழைநீர் இறங்கி, உள்ளே உளுத்துப் பொந்து விழுந்திருக்கும். காயும்போது வெடிப்பும் வரும். இந்தப் பொந்தையும் வெடிப்பையும் அடைக்கத்தான் எபொக்சி தேவைப்படுகிறது.

எபொக்சி என்பது இரண்டு பொருள்கள் சேர்ந்தால் இறுகும் பிசின். ஒன்று ரெசின், மற்றது இறுக்கி. வெள்ளைப் பசை தண்ணீர் வற்றிக் காய்கிறது. எபொக்சி அப்படிக் காய்வதில்லை. இரண்டு பகுதியும் ஒன்றோடொன்று இரசாயன முறையில் பிணைந்து கல்லாகிறது. ஆகவே அது சுருங்குவது மிகக் குறைவு. பொந்தை அடைக்க இதை விடப் பொருத்தமானது கிடைப்பது கஷ்டம். சுவிற்சர்லாந்தில் பியர் காஸ்தான் என்ற இரசாயனவியலாளர் பொய்ப்பல் செய்வதற்காக ஆராய்ந்த பிசின்தான் பிற்காலத்தில் சீபா கம்பெனியின் கைக்கு வந்தது. 1946 இல் பாசல் நகரத்துக் கண்காட்சியில் அரல்டைட் என்ற பெயரில் அது அறிமுகமானது. பல்லுக்காகத் தொடங்கியது இன்று நம் கட்டை வரை வந்து சேர்ந்திருக்கிறது!

இப்போது பெயர் விஷயத்துக்கு வருவோம். ஹாட்வெயார் கடையில் நாம் அதிகம் கேட்கும் பெயர்கள் அரல்டைட், எம்-சீல், பெவிகோல், கெமிபிக்ஸ். இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "எது உசத்தி?" என்று கேட்பது அரிசியையும் பருப்பையும் ஒப்பிடுவது போன்றது. பெவிகோலும் கெமிபிக்ஸும் தச்சு வேலைக்காரர் பாவிக்கும் வெள்ளைப் பசையின் பெயர்களாகத்தான் நமக்குத் தெரியும். எம்-சீல் கையால் பிசைந்து அடைக்கும் எபொக்சிக் களி. அரல்டைட் இரண்டு டியூபில் வரும் எபொக்சிப் பசை. பெவிகோல் 1959 இல் இந்தியாவில் தொடங்கிய பெயர். அதன் சொந்தக்காரரான பிடிலைட் கம்பெனிதான் எம்-சீலையும் வைத்திருக்கிறது. 2020 இல் அரல்டைட்டின் இந்திய வியாபாரத்தையும் அதே கம்பெனி வாங்கிவிட்டது. பெயர்கள் வேறாக இருந்தாலும் வீடு ஒன்றாக இருக்கலாம். ஆகவே கம்பெனியை விடப் பசையின் வகையைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

எங்கள் அப்பா தோட்டத்து ஸ்டோரில் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் முதன்முதலில் எபொக்சி வாங்கக் கிளம்பியபோது அவர் சொன்னார், "புள்ள, பேரக் கேக்காத. எவ்வளவு நேரத்துல இறுகும்னு கேளு."

அந்த ஒரு வார்த்தையில் பாதி விஷயம் அடங்கிவிட்டது. ஒரே பெயரில் இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்று ஐந்து நிமிடத்தில் இறுகத் தொடங்கும் விரைவு வகை. மற்றது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கையாள இடம் தரும் மெதுவான வகை. அதை இரவு முழுக்கக் கட்டி வைக்க வேண்டும். முழுப் பலம் வர இரண்டு மூன்று நாள் செல்லும். அவசரத்துக்கு விரைவு வகை நல்லதுதான். ஆனால் பொதுவாகத் தண்ணீரையும் சூட்டையும் தாங்குவதில் மெதுவான வகையே மேல்.

இதை நானே வீட்டில் சோதித்துப் பார்த்தேன். ஒரே கட்டையிலிருந்து அறுத்த துண்டுகளை எடுத்துக்கொண்டேன். பெயர் பெற்ற டியூப், பெயர் தெரியாத மலிவு டியூப், விரைவு வகை, மெதுவான வகை எல்லாவற்றிலும் ஒட்டி, ஒரு கிழமை விட்டு, சுத்தியலால் அடித்தேன். சரியாகக் கலந்த எல்லாவற்றிலும் பசை விடவில்லை, மரம்தான் பிளந்தது. ஆனால் இன்னொரு தொகுதியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தபோது விரைவு வகையில் ஒட்டியவை முதலில் இளகின. மலிவு டியூபுக்கும் விலை கூடிய டியூபுக்கும் இருந்த வித்தியாசத்தை விட, விரைவு வகைக்கும் மெதுவான வகைக்கும் இருந்த வித்தியாசம்தான் பெரிது.

அடுத்தது அளவு. டியூபில் வருவது பெரும்பாலும் சம அளவில் கலப்பது. போத்தலில் வரும் வார்ப்பு ரெசின் சிலவற்றில் இரண்டுக்கு ஒன்று, சிலவற்றில் மூன்றுக்கு ஒன்று. அமெரிக்காவில் படகு கட்டுபவர்கள் பாவிக்கும் வெஸ்ட் சிஸ்டம் எபொக்சியில் ஐந்துக்கு ஒன்று கலக்கும் வகையும் உண்டு. கனவளவா நிறையா என்பதையும் பார்க்க வேண்டும். "இறுக்கியைக் கொஞ்சம் கூடப் போட்டால் கெதியாக இறுகும்" என்று சிலர் சொல்வார்கள். அது பைபர் கிளாஸ் வேலையில் பாவிக்கும் பொலியெஸ்டர் ரெசினைப் பார்த்து வந்த நினைப்பு. அதில் சில துளி இறுக்கிதான் விடுவார்கள், துளி கூடினால் வேகமும் கூடும். எபொக்சியில் அப்படி இல்லை. அளவு தப்பினால் மிஞ்சிய பகுதி பிணைய ஆளில்லாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். எத்தனை நாள் வைத்தாலும் இறுகாது.

நம் மலைநாட்டுக்கென்றே ஒரு விஷயம் உண்டு. அதுதான் குளிர். பதுளை நகரம் ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹப்புத்தளை 1400 மீற்றருக்கும் மேல். என் தங்கச்சி ஹப்புத்தளைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த டியூபுகளை இருவரும் மார்கழி மாதத்தில் பாவித்தோம். என்னுடையது மறுநாள் காலை நகத்தால் கீறினாலும் தடம் விழாத அளவுக்கு இறுகிவிட்டது. அவளுடையது இரண்டாம் நாளும் மெழுகு போல இருந்தது. பசையில் குறை இல்லை. வெப்பம் பத்துப் பாகை குறைந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. பெட்டியில் எழுதியிருக்கும் நேரமோ சூடான அறைக்கு எழுதியது. குளிரில் ரெசின் சீனிப்பாகு போல உறைந்து வெள்ளையாகவும் தெரியும். அதை எறிந்துவிட வேண்டாம். மூடியை இறுக்கி, சுடுதண்ணீரில் சற்று நேரம் வைத்தால் தெளிந்துவிடும். ஒட்டிய பொருளை அடுப்படிச் சுவரோரம், நெருப்புக்கும் புகைக்கும் எட்டாமல் வைத்தால் இதமான சூட்டில் இறுகும். மூடுபனி நாளில் மேலே எண்ணெய்ப் பசை போல ஒரு படலம் வரும். இறுகிய பின் வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டுத்தான் மேல்பூச்சு பூச வேண்டும்.

மரம் காயாவிட்டால் எந்தப் பெயரும் உதவாது. பச்சைக் கட்டையைப் பல மாதம் நிழலில் போட்டு வைக்க வேண்டும். கிழமைக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். நிறை குறைவது நின்ற பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

பெரிய பொந்தை ஒரே தடவையில் நிரப்பவும் கூடாது. எபொக்சி இறுகும்போது சூடு கிளம்பும். மொத்தமாக ஊற்றினால் கொதித்துப் புகைந்து வெடிப்பு விழும். பிளாஸ்டிக் கோப்பையே உருகிவிடும். மெல்லிய அடுக்காக ஊற்றி, ஒன்று இறுகிச் சூடு ஆறிய பின் அடுத்ததை ஊற்றுங்கள். கட்டையை அறுத்த தூளைச் சலித்துக் கலந்தால் பசை மிச்சமாகும். நான் குடித்து முடித்த தேயிலைச் சக்கையையும் மொறுமொறுப்பாகக் காயவைத்துப் பொடித்துச் சேர்ப்பேன். கருமை நிறம் மரத்தோடு நன்றாகப் பொருந்தும்.

இறுகிய எபொக்சி கல் போல இருந்தாலும் அதற்கும் எல்லை உண்டு. வீட்டுப் பாவனைக்கான பல வகைகள் 50, 60 பாகையிலேயே இளகத் தொடங்கும். கொதிக்கக் கொதிக்கக் கேத்தலை மேலே வைத்தால் தடம் விழும். வெயிலில் கிடந்தால் மஞ்சளாகும். காய்கறி வெட்டும் பலகைக்கும் ரொட்டி தட்டும் பலகைக்கும் நான் எபொக்சி பாவிப்பதில்லை. கத்தி பட்டுச் சுரண்டப்படும் துணுக்கு சாப்பாட்டில் சேரும் அல்லவா?

இனிச் சொல்லப்போவதை ஒவ்வொரு சகோதரியும் கவனமாக வாசிக்க வேண்டும். பக்கத்து லயத்து அக்கா ஒருவர் கொழுந்து பறித்துவிட்டு வந்து மாலையில் இதே வேலையைச் செய்தார். சில மாதம் வெறும் கையாலேயே ரெசின் தொட்டார். முதலில் விரல் இடுக்கில் அரிப்பு. பிறகு கொப்புளம். பிறகு கண் இமையெல்லாம் வீங்கியது. கொழுந்து மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தோல் டொக்டர் சோதித்துப் பார்த்து எபொக்சி ஒவ்வாமை என்று சொன்னார். அந்த வேலையை விட்ட பிறகு கை ஆறியது. ஆனால் இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் உடம்பை விட்டுப் போவதில்லை. இன்று சிறு துளி பட்டாலும் அவருக்கு மீண்டும் வருகிறது. கை வெடித்துக் கிடந்த நாட்களில் அவரால் மலைக்கும் போக முடியவில்லை. 2021 மார்ச்சில் 1000 ரூபா, 2024 செப்டெம்பரில் 1350 ரூபா என்று நிர்ணயித்த நாட்சம்பளம் எவ்வளவுதான் கூடினாலும், அதை உழைப்பது நம் பத்து விரல்கள்தானே?

ஆகவே கையுறை இல்லாமல் எபொக்சி டியூபைத் திறக்காதீர்கள். மெல்லிய இறப்பர் உறை போதாது, ரெசின் அதை ஊடுருவும். நைட்ரைல் உறை என்று கேட்டு வாங்குங்கள். தோலில் பட்டால் மண்ணெண்ணெயாலோ தின்னராலோ துடைக்க வேண்டாம். அவை பிசினைத் தோலுக்குள் இன்னும் ஆழமாகக் கொண்டுபோகும். துணியால் ஒற்றி எடுத்துவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். நன்றாக இறுகும் முன் கடுதாசி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். காம்பராவுக்குள் வேண்டாம், இஸ்தோப்பில் செய்யுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

செலவையும் பார்க்க வேண்டும். எபொக்சி வெளிநாட்டிலிருந்து வரும் சாமான். 2022 இல் டொலர் ஏறியபோது இது எப்படி விலை ஏறியது என்பதை நாம் பார்த்தோம். எல்லையில் ஒன்பது வளைவுப் பாலம் பார்க்க வரும் பயணிகள் சின்னச் சாமான்களை விரும்பி வாங்குகிறார்கள் என்பது உண்மை. ஆனால் பசை விலை, கையுறை விலை, நம் நேரம் மூன்றையும் கொப்பியில் எழுதிய பிறகுதான் இலாபமா நட்டமா என்று தெரியும். இறுக்கமாகப் பொருந்தும் மூட்டுக்கு வெள்ளைப் பசையே போதும், விலையும் குறைவு. இடைவெளி இருக்கும் இடத்துக்கு மட்டும் எபொக்சி பாவித்தால் ஒரு டியூப் பல நாளைக்கு வரும்.

கடைக்குப் போகும் சகோதரிகள் நான்கு கேள்வி கேளுங்கள். இது விரைவு வகையா, மெதுவான வகையா? எந்த அளவில் கலக்க வேண்டும்? காலாவதித் திகதி என்ன? பாவிக்கும் முறை எழுதிய தாள் உள்ளே இருக்கிறதா? என் கைக்கு வந்த பெட்டிகளில் தமிழில் எழுதியது எதுவும் இருக்கவில்லை. ஆகவே ஆங்கிலமோ சிங்களமோ படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த நான்குக்கும் சரியான பதில் கிடைத்தால் எந்தக் கம்பெனிப் பெயராக இருந்தாலும் தைரியமாக வாங்கலாம். வாங்கும் பட்டியலில் பசைக்கு முன்னால் கையுறையை எழுதிக்கொள்ளுங்கள்.