செல்லாக்காசு செல்லும்

காசு கைமாறுவதற்காகவே பிறந்த பொருள். சிலைக்குப் பீடம் உண்டு. ஏட்டுக்குப் பரண் உண்டு. காசுக்கு இருப்பிடம் என்று ஒன்றில்லை. ஒரு கையில் தங்கிவிட்டால் அதன் தொழில் நின்றுபோகிறது. சேகரிப்பவன் அந்தத் தொழிலைத்தான் நிறுத்தி வைக்கிறான். நின்றபின் அந்த உலோகத் துண்டு என்னவாகிறது என்ற கேள்வியை அவன் வெகுகாலம் தள்ளிப்போடலாம். தேச எல்லையைக் கடக்கும்போது மட்டும் பதில் எழுதியாக வேண்டும், அதுவும் அச்சடித்த படிவத்தில்.

என் தகப்பனார் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அறுபதுகளில் தஞ்சாவூர், கும்பகோணம் பாத்திரக்கடைகளுக்குப் பழஞ்செம்பு நிறுவைக்கு வரும். பட்டறைக்கு உருக்கப் போகுமுன் அதில் கிடக்கும் காசுகளைச் செம்பு விலைக்கே பொறுக்கிக்கொண்டு வருவார். ஒரு புறம் நின்ற உருவம். மறுபுறம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரியில் ஸ்ரீராஜராஜ. ஒவ்வொன்றையும் காகிதத்தில் மடித்து, வாங்கிய கடை, தேதி, எடை, விலை என்று மசியில் எழுதி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தார். என் மகள் சிறுமியாக இருந்தபோது அவற்றைத் தரையில் பரப்பிக்கொண்டு அவரோடு விளையாடியிருக்கிறாள். அவள் இப்போது இருப்பது டொரான்டோவில். 2023இல் நான் அங்கே புறப்படும்போது, "தாத்தா காசையெல்லாம் கொண்டு வந்துடுங்கப்பா" என்றாள். நியாயமான பாத்தியதை.

சுங்க இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரிடம் பேசினேன். "அது காசு இல்ல சார், ஆன்டிக்விட்டி" என்றார். "உங்க வீட்ல இருக்கிற வரைக்கும் உங்களது. மீனம்பாக்கத்துக்குள்ள கொண்டுபோனா அது வேற பொருள்."

அவர் சொன்னதில் அதிசயோக்தி இல்லை. 1972இல் இயற்றி 1976இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத எந்த நாணயமும் தொல்பொருள். மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த நிறுவனமோ தவிர வேறு யாரும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை சிறை, அபராதம். பொருள் தொன்மையானதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் தொல்லியல் துறைத் தலைமை இயக்குநரின் முடிவே இறுதியானது. அபூர்வமா, மலிவா என்பது சட்டத்துக்குப் பொருட்டல்ல. ராஜராஜனின் செப்புக்காசு மலிவாகக் கிடைப்பதுதான். ஆனாலும் ஆயிரம் வயது.

இந்த நூறு என்ற எண் விசித்திரமானது. அது நகர்கிற கோடு. 1911ஆம் வருஷத்து ஜார்ஜ் மன்னர் ரூபாயில் அவர் அங்கியின் யானை பன்றிபோல் தெரிகிறது என்று கூச்சல் எழுந்து, அடுத்த வருஷமே உருவத்தைத் திருத்தினார்கள். பாட்டிலில் அந்த ரூபாய் ஒன்று இருக்கிறது. 2010 வரை அது வெறும் பழைய வெள்ளி ரூபாய். 2011 முடிவதற்குள், யாரும் தொடாமலேயே, பாட்டிலுக்குள் இருந்தபடியே தொல்பொருளாகிவிட்டது. இலங்கையின் 1940ஆம் வருஷத்துச் சட்டம் வேறு விதமாக யோசித்தது. 1815 மார்ச் 2 என்ற தேதியை அது கோடாக வைத்துக்கொண்டது. கண்டி ராஜ்யம் ஒப்பந்தத்தின் பேரில் பிரிட்டிஷாருக்குக் கைமாறிய நாள். அங்கே ஓர் இழப்பின் தேதி. இங்கே ஒரு முழு எண். எதையாவது பிடித்துக்கொண்டுதான் அரசாங்கம் காலத்தை அளக்க முடியும் போலிருக்கிறது.

உலக நாடுகள் பெரும்பாலும் பின்பற்றும் சுங்க அட்டவணையில் நாணயத்துக்கு இரண்டு இடங்கள் உண்டு. 71.18இல் முத்து, ரத்தினம், தங்கம் இவற்றோடு. 97.05இல் சேகரிப்புப் பொருளாக, விலங்கியல், தாவரவியல், உடற்கூறு மாதிரிகளோடு. ஒன்றில் அது சொத்து. மற்றதில் பாடம் பண்ணின பறவைக்குத் துணை. ஞாபகத்துக்கென்று அட்டவணையில் எண் இல்லை. இருக்க வேண்டும் என்று கேட்பதும் அசட்டுத்தனம்.

காசின் கதியைக் காகிதம் நிர்ணயிப்பதற்கு 1933ஆம் வருஷத்து அமெரிக்க இருபது டாலர் தங்க நாணயத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அடித்த ஏறக்குறைய நாலரை லட்சத்தில் ஒன்றுகூட வெளியிடப்படவில்லை, உருக்க உத்தரவு. தப்பி வெளியே வந்தவை திருட்டுச் சொத்து என்றது அரசு. அதில் ஒன்றை எகிப்து மன்னர் ஃபாரூக் வாங்கினார். 1944இல் அதற்கு அமெரிக்கக் கருவூலமே, விஷயம் தெரியாமல், ஏற்றுமதி உரிமம் கொடுத்துவிட்டது. 1996இல் நியூயார்க்கில் பிடிபட்ட நாணயம் ஃபாரூக்கினுடையது என்ற வாதத்துக்கு அந்த உரிமம்தான் பலம். வழக்கு சமரசத்தில் முடிந்து, 2002இல் அது 75 லட்சத்து 90 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அதோடு இன்னொரு இருபது டாலரும் கட்டச் சொன்னார்கள். அந்த இருபது டாலர்தான் அதைச் சட்டப்படி காசாக்கியது. அதுவரை அது என்னவாக இருந்தது?

இதே கேள்விக்கு நம் பக்கத்தில் கத்தியால் பதில் எழுதியிருக்கிறார்கள். 1898இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைமேல் ஆழமான ஒரு வெட்டு. காசு என்ற அந்தஸ்தை ரத்து செய்து வெறும் தங்கமாக்கவே வெட்டினார்கள் என்பது நாணயவியலாளர் சொல்லும் காரணங்களில் ஒன்று. வருஷந்தோறும் 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று முதல் நூற்றாண்டில் மூத்த பிளினி புலம்பியதும் இந்த வர்த்தகத்தைப் பற்றித்தான். கடல் கடந்து வந்த காசுக்கு இறங்கின இடத்தில் ஒரே அர்த்தம்தான் அனுமதிக்கப்பட்டது. மற்ற அர்த்தங்களை வெட்டி எடுத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். படிவத்தில் ஒரு கட்டத்தில் மட்டும் குறியிடச் சொல்வதும் அந்த வெட்டுதான். ரத்தம் வருவதில்லை, அவ்வளவே.

சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தப் புதுக்கோட்டைக் காசுகளில் ஒரு பகுதி பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனபோது தடுக்க இப்படி ஒரு சட்டம் கிடையாது. விக்கிரகங்கள் போனதையும் பார்த்தோம். திருடனுக்கும் பேத்திக்கும் சட்டம் வித்தியாசம் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவன், ஒவ்வொரு திருடனும் தன்னைப் பேரன் என்று சொல்லிக்கொள்வான் என்பதை யோசிப்பதில்லை. எனக்கு உறுத்துவது வேறு. பாத்திரக்கடைத் தராசில் இவை கிலோக் கணக்கில் உருகப் போனபோது, தேசத்தின் சார்பில் அங்கே நின்றது ஒரு குமாஸ்தாவின் சட்டைப்பை. அவர் காப்பாற்றியது அவர் வம்சத்தோடு போக முடியாது. காப்பாற்றியவனுக்குப் பொருள்மேல் உரிமை உண்டா, கடமை மட்டும்தானா? எனக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை.

மேஜையில் பரப்பி இரண்டு குவியலாகப் பிரித்தேன். போகக் கூடாதவை ராஜராஜனும் நாயக்கர்களும் கம்பெனியும் பன்றி ரூபாயும். போகக் கூடியவை 1957இல் வந்த நயா பைசாக்கள், எங்கள் தெருவில் தங்கம் கலந்தது என்று நம்பிப் பதுக்கிய தாமரை இருபது பைசா, அந்த வகை. இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. பணமில்லை, தொன்மையில்லை, விலையுயர்ந்த உலோகமுமில்லை. எதுவாகவும் இல்லாததால் எங்கும் போகலாம். செல்லாக்காசுதான் செல்லும்.

இன்னொரு வேடிக்கை. பெருவுடையார் கோயிலின் ஆயிரமாண்டை ஒட்டி 2010இல் அரசு வெளியிட்ட ஆயிரம் ரூபாய் வெள்ளி நாணயத்தை, நினைவு நாணயத்துக்கான செலாவணி விதிப்படி, இரண்டு வரை வெளியே கொண்டுபோகலாம். ராஜராஜனின் நினைவு போகலாம். அவன் அடித்த காசு போகக் கூடாது.

மீனம்பாக்கத்தில் எக்ஸ்ரே திரையில் பை கருப்பாகத் தெரிந்ததும் திறக்கச் சொன்னார்கள். "என்ன சார்?" "பழைய சில்லறை." அந்த இளைஞர் தாமரைக் காசைத் திருப்பிப் பார்த்து, "எவ்வளவு போகும்?" என்று கேட்டார். "ஒண்ணும் போகாது" என்றேன். சிரித்துக்கொண்டு பையை நகர்த்தினார்.

டொரான்டோவில் மகள் சில்லறையை எண்ணிப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை. பிறகு நான் கொண்டுபோன மற்றொன்றைக் கொடுத்தேன். பாட்டிலுக்குள் இருந்த மடிப்புக் காகிதங்களின் வாசகங்களை ஒரு நோட்டில் வரிசையாகப் பிரதி எடுத்திருந்தேன். கடை, தேதி, எடை, விலை. அவள் இரவு முழுக்க அதைப் படித்துக்கொண்டிருந்தாள். எந்தக் காசு எந்தக் காகிதத்தில் இருந்தது என்று அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. எனக்குப் பின் பாட்டிலை எழும்பூர் மியூசியம் ஏற்றுக்கொள்ளுமா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறாள்.