கிளிப் டப்பா

2025

ஜனவரி 13, திங்கள்

போகி. மார்கழியின் கடைசிப் பாட்டு. மூன்றரைக்கே ஆம்ப்ளிஃபயர் போட்டாயிற்று. குழாய் ஸ்பீக்கர் வாயிலிருந்து பனி சொட்டுகிறது. திருவாதிரையும் இன்றைக்கே என்பதால் மடப்பள்ளியில் களி. ஒரு தொன்னை கொடுத்தார்கள். இன்னொன்று கேட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்தால், எரிக்கிற குவியலில் கிளிப் டப்பா! கத்திவிட்டேன். "நல்ல மைக் ஒண்ணுகூட இல்ல, கிளிப்ப வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி. என்னிடம் பதில் இல்லை. பங்கு பிரித்தபோது ஷூர் மைக் எல்லாம் தம்பிக்குப் போயிற்று. இந்த டப்பா யார் கண்ணிலும் படவில்லை.

இடுப்பு வலி.

ஜனவரி 14, செவ்வாய்

தை 1. வெண்பொங்கல், சர்க்கரைப் பொங்கல், இரண்டும் அளவுக்கு மேல். படுத்தால் நெஞ்சைக் கரிக்கிறது. டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். பாதிக் கிளிப்பில் நெல் சுணை. அறுப்பு சமயம் களத்துப் பக்கம் மேடை போட்டால் இது இல்லாமல் இருக்காது. சோப்புத் தண்ணியில் போட்டு பழைய பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் காயவைத்தேன். டேப் பிசினுக்குத் தேங்காய் எண்ணெய். மூட்டுத் திருகில் மட்டும் எண்ணெய் படக் கூடாது. பட்டால் மைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தலை சாயும், பாடுகிறவரும் அதோடு சேர்ந்து குனிந்துகொண்டே போவார்.

அப்பா வாங்கியவை இன்னும் வாய் தளரவில்லை. போன வருஷம் நான் வாங்கியதில் எல்லாமே விரிசல். வேனுக்குள் வெயிலில் கிடந்ததாலா, சரக்கே அப்படியா. சரக்குதான்.

தம்பியிடமிருந்து வாழ்த்து இல்லை. நானும் அனுப்பவில்லை.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். பாப்பா அடம். பெரிய கோயில். நந்திக்குக் காய்கறி, பழம், இனிப்பு என்று அலங்காரம், இரண்டு டன்னாம். பாப்பா கத்தரிக்காயை எண்ணத் தொடங்கி நடுவில் விட்டுவிட்டாள். கூட்டத்தில் தம்பி மாதிரி ஒரு முதுகு. அவன் இல்லை.

கிளிப் காய்ந்துவிட்டது. அடுக்கி வைத்தேன்.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். பட்டிமன்றம். வழக்கம்போல மாமியார் மருமகள். எதிரணியில் ஒருவர் ஆவேசம் வந்து மைக்கைப் பக்கவாட்டில் பிடுங்கினார். டப்பென்று ஸ்பீக்கரில் கேட்டது. கிளிப் உதடு போச்சு. ஜனங்கள் அவருக்குக் கைதட்டுகிறார்கள்.

நடுவருக்கு கார்ட்லெஸ்தான் வேணுமாம். அது உடம்பு தடிமன். சாதாரணக் கிளிப்பில் திணித்தால் வாய் அகன்றுபோகும், அப்புறம் வயர் மைக் அதில் நிற்காது. உதவிக்கு வரும் பயலிடம் எத்தனை தரம் சொல்வது? திணித்தே வைத்திருந்தான்.

உடைந்த விளிம்பு ஆள்காட்டி விரலைக் கீறிவிட்டது. பாக்கி கேட்டால் விழாக் கமிட்டியில், "பொங்கல் முடியட்டும்ணே." இன்றோடு முடிந்துவிட்டதே.

ஜனவரி 17, வெள்ளி

விரல் வீங்கியிருக்கிறது. தஞ்சாவூரில் கிளிப் பார்த்தேன். கடைக்காரர் ஸ்பிரிங் வைத்ததை நீட்டினார், எந்த மைக்கையும் கவ்வுமாம். கவ்வும். தவிலுக்குப் பக்கத்தில் வைத்தால் ஸ்பிரிங்கும் சேர்ந்து தாளம் போடும். வேண்டாம் என்றேன். அடுத்தது 60 ரூபாய். வாயை விரித்ததுமே பிளாஸ்டிக்கில் வெள்ளைக் கோடு விழுந்தது. அதையும் வைத்துவிட்டேன். 220 ரூபாயில் ஒன்று காட்டினார். கொஞ்சம் ரப்பர் தன்மை, விரித்துவிட்டால் பழையபடி மூடிக்கொள்கிறது, அடியில் பித்தளை மரை. மூட்டை மடக்கி மடக்கிப் பார்த்தேன். இறுக்கம் அப்படியே இருக்கிறது. கையை விட்டு வைக்க மனசில்லை.

மரை அளவில்தான் தொல்லை. என் பழைய ஸ்டாண்டெல்லாம் 5/8 அங்குலம், பிறகு வாங்கியவை 3/8. நடுவில் போடுகிற பித்தளை அடாப்டர் மாதிரித் தொலைகிற சாமான் இந்தத் தொழிலில் வேறு இல்லை. கிளிப் நாலு, அடாப்டர் ஒரு கை. ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அவளிடம் 500 என்று சொன்னேன்.

ஜனவரி 18, சனி

பஞ்சமி. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை. இந்த நாளில் வேலை இல்லாமல் இருப்பது அபூர்வம். குழல் முடிந்து நாட்டை எடுக்கும்போதுதான் உட்கார இடம் கிடைத்தது. கால் மரத்தது. நூற்றுக்கணக்கான பேர், ஒரே பாட்டு. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருக்க நான் குட்டை ஸ்டாண்டைப் பார்க்கிறேன். தரையில் உட்கார்ந்து பாடுகிறவருக்கு மோவாய்க்குக் கீழே, மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் அதற்கும் தாழ்வாக. அந்தச் சாய்வில் மைக்கின் பாரம் முழுக்க மூட்டுத் திருகில்தான். கௌளையும் ஆரபியும் இப்படியே போய்விட்டன. வராளி. வராளி பாடும்போது பேசினால் அப்பா தொடையில் கிள்ளுவார்.

இரண்டு வரிசை தள்ளி தம்பி. அவனும் ஸ்டாண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேசவில்லை. அசோகா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஜனவரி 19, ஞாயிறு

அய்யம்பேட்டைப் பக்கம் காதுகுத்து. மண்டபத்தின் சொந்த மைக்கைத்தான் போடணுமாம், ஸ்டாண்டும் கிளிப்பும் அவர்களுடையது. கிளிப்பில் மூன்று சுற்று டேப். சொன்னேன், கேட்கவில்லை. நாகசுரக்காரர் தன்னுடையது நரசிங்கம்பேட்டை வாத்தியம் என்று எடுத்ததுமே சொல்லிவிட்டார். 2022இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எல்லோருமே இதைச் சொல்கிறார்கள். ஆனால் இவருடையது நிஜம். நாதம் சொல்லிவிட்டது.

தோடி ஆலாபனை. நல்ல இடம். மைக் இறங்குகிறது. முதலில் விரல் துளைகளுக்கு நேராக இருந்தது, அப்புறம் பிரம்மசுரத் துளை, அப்புறம் அணசு வாய்க்கே போய்விட்டது. அங்கே போனால் அடிச் சுரம் மட்டும் முழங்கும். மேல் சுரமெல்லாம் திறந்திருக்கிற துளை வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும், மைக்குக்கு எட்டாது. அவர் நெற்றியைச் சுருக்கினார். தனி ஆவர்த்தனத்துக்கு விட்டதும் ஃபேடரை இறக்கிவிட்டு ஓடினேன். அப்பா காலத்துக் கிளிப்பை மாட்டி, வாத்தியத்தின் நடுப்பாகத்துக்கு நேராக ஒரு சாண் தள்ளி நிறுத்தினேன். தவில்காரர் பூவரசங்குச்சி ஓங்கும் பக்கம் குனிந்ததில் காதுக்குள் இடி. இன்னும் ரீங்காரம் போகவில்லை.

முடிந்ததும் நாகசுரக்காரர், "தம்பி, அப்புறம் நல்லா இருந்துச்சு" என்றார். ஐம்பது வயதுக்குத் தம்பி. சாயந்திரம் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 20, திங்கள்

கமிட்டி போன் எடுக்கவில்லை.

தம்பி மகன் வந்தான். "பெரியப்பா, பழைய கிளிப் இருந்தா நாலு கேட்டாங்க." யார் கேட்டது? "அப்பாதான்... இல்ல, நானாத்தான் வந்தேன்." முழிக்கிறான். அவர்களிடம் இருப்பதெல்லாம் இளகிப்போய் டேப் சுற்றி ஓட்டுகிறார்களாம். அப்பா வாங்கிய மைக்குக்கு டேப்! இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் டப்பாவையே கொண்டுவந்து அவன் முன்னால் வைத்துவிட்டாள். போகிக்கு எரிக்கப் போனவள்.

அப்பா வாங்கியதிலேயே நாலு கொடுத்தேன். புதுசைக் கொடுக்க மனசு வரவில்லை. இல்லை, அந்த மைக்குக்கு அதுதான் பொருத்தம். மூட்டை முடுக்கி, அடாப்டர் போட்டுக் கொடுத்தேன். வேனில் வெயில் படப் போடாதே, மைக்கைப் பிடுங்காதே, நீளவாக்கில் உருவு. போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

சாப்பிடும்போது, காசு கேட்டிருக்கணுமோ என்று தோன்றியது. கேட்டால் நன்றாகவா இருக்கும். ஒரு போனாவது பண்ணியிருக்கலாம் தம்பி. பத்தரை ஆகிறது.

நாளை வல்லத்தில் படத்திறப்பு. ஒரு மைக், இரண்டு ஸ்பீக்கர். 3/8 ஸ்டாண்ட். அடாப்டரை இப்போதே சட்டைப் பையில் போட்டுவிட்டேன்.