கம்பம் பள்ளத்தாக்கில் ஜெனீவாவின் தடம்

தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஊர்கள் நகர நகர, ஒரு பக்கம் மேகமலை, மறுபக்கம் கேரள எல்லை மலைகள். நடுவே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் நெல், வாழை, தென்னை. கொஞ்சம் உள்ளே போனால் பந்தல் பந்தலாகத் திராட்சை.

2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை இதுதான். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த கொடி என்று இந்தப் பக்கம் சொல்வார்கள். அவர் கத்தோலிக்கர். இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டிப் பக்கம் போனால் மாதா சுரூபம், சப்பரம், கொடியேற்றம் என்று கத்தோலிக்கத் திருவிழாவின் கலகலப்பை இன்றும் பார்க்கலாம்.

இதே பள்ளத்தாக்கில் இன்னொரு வகை வேதக்கோயிலும் உண்டு. சி.எஸ்.ஐ. ஆலயங்கள். பழைய பாணியில் இருப்பவற்றுக்குள் எட்டிப் பார்த்தால் சுண்ணாம்புச் சுவர், ஒரு வேத வசனம், பிரசங்க பீடம், வரிசையாகப் பெஞ்சுகள். அவ்வளவுதான். சுரூபம் கிடையாது. பல ஊர்களில் ஆலயத்தை ஒட்டியே ஒரு பள்ளிக்கூடம் இருக்கும். ஆண்டுக்கணக்கில் அதற்குள் ஜெபிக்கிறவர்களிடம் 'கால்வின் யார்?' என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால், அந்த வெறும் சுவருக்குப் பின்னால் இருப்பது அவர்தான்.

ஜான் கால்வின் 1509-ல் பிரான்சில் பிறந்தவர். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரைத் தன் போதனையால் உருமாற்றியவர். கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவே சிலை வேண்டாம். வேதத்தை எல்லோரும் தாங்களே படிக்க வேண்டும், அதற்கு எல்லோருக்கும் எழுத்து தெரிய வேண்டும். சபையைப் போதகர்களோடு சேர்ந்து மூப்பர்களும் நடத்த வேண்டும் என்றார். கூடவே ஒரு கசப்பான மருந்து: யாருக்கு மீட்பு என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார், மனிதனின் புண்ணியக் கணக்கு அங்கே செல்லாது.

நம்மூர்க்காரர்களுக்கு இது 'தலையெழுத்து' போலக் கேட்கும். முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. தலையெழுத்துக்குப் பின்னால் போன ஜென்மத்து வினை நிற்கிறது என்பார்கள். கால்வினின் தெரிந்தெடுப்புக்குப் பின்னால் எந்தக் காரணமும் இல்லை, கடவுளின் விருப்பம் மட்டும்தான். அந்தக் கணக்கில், உயர்ந்த குலத்தில் பிறந்தவனுக்கும் கூடுதல் மதிப்பெண் இல்லை.

ஜெனீவாச் சரக்கு பள்ளத்தாக்குக்கு வந்தது சுற்று வழியில். கால்வினின் வழி வந்த இங்கிலாந்துப் பியூரிட்டன்கள் 17-ம் நூற்றாண்டில் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆள வேண்டும், தலைக்கு மேல் பேராயர் வேண்டாம் என்பது அவர்கள் வழக்கம். அவர்களின் வாரிசுகள் 1810-ல் அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் அமைப்பைத் தொடங்கி, 1816-ல் யாழ்ப்பாணத்தில் இறங்கினார்கள். அங்கே 1658-லேயே டச்சுக்காரர்கள் வழியாகக் கால்வின் வந்து போயிருந்தார். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து கிடந்த டச்சுக்காலக் கட்டடங்களைச் செப்பனிட்டுத்தான் அமெரிக்கர்கள் குடியேறினார்கள். 1834-ல் அங்கிருந்து கடல் தாண்டி மதுரைக்கு வந்தார்கள். பிறகு பெரியகுளம், அங்கிருந்து பள்ளத்தாக்கின் கிராமங்கள். மாட்டு வண்டியில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். மதுரை அமெரிக்கன் கல்லூரி, பசுமலைப் பள்ளிகள் எல்லாம் இதே மரத்தின் கிளைகள்.

சமவெளியின் வெயிலும் நோய்களும் அவர்களை மலைக்குத் துரத்தின. கொடைக்கானலில் 1845-ல் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியது இந்த அமெரிக்க மிஷனரிகள்தான். மோட்டார் சாலை வருவதற்கு முன் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து மலைப்பாதையில் ஏற வேண்டும். நடக்க முடியாதவர்களை நாற்காலியில் உட்காரவைத்துக் கூலியாட்கள் தோளில் தூக்கிப் போவார்கள். கடவுள் முன் எல்லோரும் சமம் என்று கீழே பிரசங்கம் செய்தவர்கள் மேலே போனது அடுத்தவர் தோளில்.

இருந்தாலும் ஒரு விஷயத்தில் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை: சாப்பாடு. மதுரை மிஷன் சபைகளில் சேர்ந்தவர்கள் ஒரே வேதத்தைப் படித்தார்கள், ஒரே பாட்டைப் பாடினார்கள். பந்தி என்று வந்தால் மட்டும் தனித்தனி. 1847-ல் மிஷன் ஒரு முடிவெடுத்தது. சாதியை விடாதவருக்குச் சபையில் இடமில்லை. விட்டதற்கு வாய்ச்சொல் போதாது, தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும்.

புயல் கிளம்பியது. உபதேசியார்களும் பசுமலை செமினரி மாணவர்களும் கும்பலாக வெளியேறினார்கள். சாதி விஷயத்தில் அவ்வளவு கறார் காட்டாத லுத்தரன் மிஷன் பக்கம் சிலர் போனார்கள். ஒரு கவளம் சோற்றுக்காகச் சம்பளத்தையும் படிப்பையும் உதறினார்கள் என்றால், அந்தச் சோற்றில் என்ன பயம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். மிஷன் செய்ததில் அதிகாரத்தின் வாடை இல்லாமலும் இல்லை. சம்பளம் கொடுக்கிற கைதானே பரீட்சையும் வைத்தது? ஆனாலும் அந்தக் காலத்து மதுரைச் சீமையில் வெளிப்படையாக இப்படி ஒரு கோடு கிழிக்கத் துணிச்சல் வேண்டும்.

சாதி ஒழிந்ததா? கல்யாணப் பேச்சு எடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். வேறு இரண்டு பழக்கங்கள் நிலைத்தன. ஒன்று, படிப்பு. வேதம் படிக்கத் தெரிந்த கிராமத்துப் பிள்ளைக்குப் பத்திரமும் படிக்கத் தெரிந்தது. இன்னொன்று, ஓட்டு. நாட்டில் எல்லோருக்கும் வாக்குரிமை வருவதற்கு வெகுகாலம் முன்பே, சபையார் கூடிப் பேசி முடிவெடுக்கும் வழக்கத்தை இந்தச் சின்னச் சபைகள் பழகத் தொடங்கிவிட்டன. இன்றைய சேகரத் தேர்தல்களின் சூட்டைப் பார்த்தவர்கள், அந்தப் பழக்கம் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துவிட்டது என்பார்கள்.

பேராயர் வேண்டாம் என்று வந்தவர்களுக்குக் கடைசியில் ஒரு பேராயர் கிடைத்ததுதான் வேடிக்கை. 1908-ல் இந்தச் சபைகள் பிரஸ்பிட்டேரியன்களோடு இணைந்தன. 1919-ல் தரங்கம்பாடியில் ஆங்கிலிக்கன் பேராயர் அசரியா உள்ளிட்டவர்கள் பெரிய ஐக்கியத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டார்கள். பேச்சு 28 ஆண்டுகள் இழுத்தது. இடித்த கல்லே பேராயர் பதவிதான். 1947 செப்டம்பர் 27-ல், சுதந்திரம் வந்து ஆறே வாரத்தில், தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. மதுரை - ராமநாதபுரத்துக்குப் பேராயராக வந்த லெஸ்லி நியூபிகின், கால்வின் வழிவந்த ஸ்காட்லாந்துத் திருச்சபைப் போதகர்! வயது 37. தமிழ் தெரிந்தவர்.

இன்று பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் சுருளி அருவி, மேகமலை, குமுளி என்று திட்டம் போடுகிறார்கள். அறுப்பின் பண்டிகை நடக்கும் நாளாகப் பார்த்து ஏதாவது ஒரு சி.எஸ்.ஐ. ஆலயத்துக்கும் போய்ப் பாருங்கள். வாழைத்தார், பூசணி, நாட்டுக்கோழி என்று காணிக்கை வந்து குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு தார் பழத்தைக் கடை விலைக்குப் பல மடங்கு கேட்டு, வாங்கியவரே திரும்பவும் ஏலத்துக்குக் கொடுத்துவிடுவார்.

அதற்குள் பக்கத்துப் பள்ளிக்கூட வராந்தாவில் இலை போட்டிருப்பார்கள். இடம் இருந்தால் உட்கார வேண்டியதுதான். பக்கத்து இலைக்காரர் யார் என்று கேட்காமல்.