விளையாட விலாசம் எதற்கு?

ஆடு புலி ஆட்டத்துக்கு வேண்டிய சாமான்கள் எவை என்று எங்கள் திருநெல்வேலிச் சீமையில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லிவிடும். கோடு கிழிக்க ஒரு கரித்துண்டு, காய்களுக்குச் சில கூழாங்கற்கள், எதிரே உட்கார ஓர் ஆள். தாயத்துக்குப் புளியங்கொட்டை இருந்தால் போதும். தாமிரபரணிப் படித்துறையில் ஆடினாலும் சரி, வீட்டுத் தாழ்வாரத்தில் பத்தமடைப் பாயை விரித்து ஆடினாலும் சரி, ஆட வந்தவனைப் பார்த்து, "உன் பிறந்த தேதி என்ன? விலாசம் என்ன?" என்று யாரும் விசாரித்ததில்லை. அப்படி ஒருவர் விசாரித்திருந்தால், அவருக்குத்தான் ஏதோ கோளாறு என்று மற்றவர்கள் எழுந்து போயிருப்பார்கள்.

கம்ப்யூட்டர் விளையாட்டின் தர்மம் வேறாக இருக்கிறது. சென்ற கோடை விடுமுறையில் பாளையங்கோட்டையிலுள்ள என் வீட்டுக்குத் தமக்கை மகன் வந்திருந்தான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பையன். அவன் தகப்பனார் நல்ல விலை கொடுத்து ஒரு விளையாட்டு வாங்கித் தந்திருந்தார். பணம் கட்டியாகிவிட்டது, விளையாட்டும் கம்ப்யூட்டருக்குள் வந்து இறங்கிவிட்டது. ஆயினும் கதவு திறக்கவில்லை. விற்ற கடையின் கணக்கு ஒன்று ஏற்கெனவே இருக்க, விளையாட்டைச் செய்த கம்பெனி தனக்கென்று இன்னொரு கணக்குக் கேட்டது. பெயர், மின்னஞ்சல், தேசம், பிறந்த தேதி எல்லாவற்றையும் நிரப்பினால்தான் உள்ளே போகலாம்.

"ஏலே, எதிரே ஆடுகிறவன் யார்?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லை மாமா. நான் மட்டுந்தான் ஆடுவேன்."

"பின்னே உன் பிறந்த நாள் அவர்களுக்கு எதற்கு?"

பையன் பதில் சொல்லவில்லை. 1999 என்று ஒரு வருஷத்தைத் தட்டினான். கதவு திறந்தது. "உண்மையைப் போட்டால் விடாது மாமா. எல்லாரும் இப்படித்தான்" என்றான் சர்வ சாதாரணமாக.

உபாத்தியாயர் உத்தியோகம் பார்க்கிறவனுக்கு இது லேசான விஷயமாகத் தோன்றவில்லை. நாங்களும் பிள்ளைகளின் பிறந்த தேதியைக் கேட்டு எழுதிக்கொள்கிறோம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் அது இருக்கிறது. ஆனால் எதற்காக எழுதுகிறோம் என்பது பெற்றோருக்குத் தெரியும்; பதிவேட்டைப் பூட்டி வைக்கிறவர் யார் என்பதும் தெரியும். காரணமும் காவலும் உள்ள இடத்தில் விவரம் கொடுப்பதில் குற்றமில்லை. இங்கேயோ காரணமும் தெரியவில்லை, காவலனும் தெரியவில்லை.

இந்த வழக்கம் நேற்று முளைத்ததன்று. 2004-ஆம் வருஷம் வால்வ் கம்பெனியார் ஹாஃப்-லைஃப் 2 என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். கடையில் தட்டு வாங்கி வந்தவர்களும் 'ஸ்டீம்' என்ற அவர்களுடைய சேவையில் கணக்குத் திறந்தாக வேண்டியிருந்தது. திருட்டுப் பிரதியைத் தடுக்க வேண்டும், பிழைகளைத் திருத்தி அனுப்ப வேண்டும், பலர் கூடி ஆடும்போது மோசடி செய்கிறவனை விலக்க வேண்டும் என்பன கம்பெனிகள் சொல்லும் நியாயங்கள். பலர் கூடும் ஆட்டத்துக்கு இவை பொருந்தும் என்றே வைத்துக்கொள்வோம். தனியே ஆடுகிறவன் யாரை மோசம் செய்யப்போகிறான்?

வாங்கி வைத்த விவரங்களாவது பத்திரமாக இருக்கின்றனவா? 2011 ஏப்ரலில் ஸோனி கம்பெனியின் பிளேஸ்டேஷன் வலைக்குள் திருடர்கள் புகுந்தார்கள். சுமார் 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் பெயர், விலாசம், பிறந்த தேதி முதலியன அகப்பட்டுப் போயின. அதே ஸோனி 2024 மே மாதத்தில், ஹெல்டைவர்ஸ் 2 என்ற விளையாட்டை ஏற்கெனவே வாங்கிக் கம்ப்யூட்டரில் ஆடிவந்தவர்களும் தன்னிடம் கணக்குத் திறந்தே தீரவேண்டும் என்று உத்தரவு போட்டது. இலங்கை உட்படப் பல தேசங்களில் அந்தக் கணக்கைத் திறக்கவே வழி கிடையாது! ஆடுகிறவர்கள் லட்சக்கணக்கில் கண்டனம் எழுதினார்கள். சில தினங்களுக்குள் கம்பெனி உத்தரவை வாபஸ் வாங்கிக்கொண்டது. பொதுஜனங்கள் வாய் திறந்தால் பலன் உண்டு என்பதற்கு இது நல்ல அத்தாட்சி.

2025 ஏப்ரலில் ஆஸ்திரியாவில் 'நொய்ப்' என்ற சங்கத்தார் யூபிஸாஃப்ட் கம்பெனியின் மீது புகார் கொடுத்தார்கள். ஒருவர் தனியே ஆடும் விளையாட்டு, பத்து நிமிஷத்துக்குள் 150 தடவை வெளியிலுள்ள கம்ப்யூட்டர்களோடு தொடர்பு கொண்டது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. வீட்டுத் திண்ணையில் தாயம் ஆடும்போது பத்து நிமிஷத்துக்குள் ஒருவன் 150 தடவை எட்டிப் பார்த்தால் நாம் சும்மா இருப்போமா?

நம் ராஜ்யத்தில் விவகாரம் வேறு ரூபத்தில் வந்தது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களால் குடும்பங்கள் சீரழிவதைக் கண்டு, தமிழ்நாட்டு சர்க்கார் 2025-இல் விதிகள் செய்தார்கள். ஆதார் சரிபார்த்தல் கட்டாயம். நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை உள்ளே நுழையக்கூடாது. கம்பெனிகள், அந்தரங்க உரிமை போயிற்று என்று சென்னை ஹைக்கோர்ட்டுக்குப் போயின. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்திருப்பது உண்மையே. ஆனால் அது வரம்பற்ற உரிமை அன்று என்று சொல்லி, 2025 ஜூனில் ஹைக்கோர்ட்டு விதிகளை ஆதரித்தது. அந்த ஆகஸ்டிலேயே பார்லிமெண்டு பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஊரார் அந்தரங்கத்தைச் சேகரிக்கிற கம்பெனிகள், தங்களைக் கட்டுப்படுத்தும்போது மட்டும் அந்தரங்கத்தின் பெயரால் முறையிடுவது வேடிக்கைதான். எனினும் சூதாடியைத் தடுக்க அடையாளம் கேட்பது ஒன்று. பொம்மைக் குதிரை ஓட்டும் பிள்ளையிடம் கேட்பது மற்றொன்று. முன்னதில் ஒரு பொதுநலம் இருக்கிறது.

2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்குப் பரிகாரம் சொல்கிறது. 18 வயது நிரம்பாதவரின் விவரத்தைக் கையாளுமுன், சரிபார்க்கத்தக்க விதத்தில் பெற்றோர் சம்மதம் பெற வேண்டும். குழந்தைகளைப் பின்தொடர்ந்து கவனிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாதத் தவணை கொடுத்திருக்கிறார்கள். சட்டம் நல்லதுதான். ஆனால் பிள்ளை 1999 என்று தட்டியதும் அவன் சட்டத்தின் கண்ணுக்குக் குழந்தையாக இல்லாமல் போகிறான். அவனைக் காக்க எழுதிய விதி முழுவதும் அந்த நான்கு எண்களால் அவனுக்கு உதவாமல் போகிறது. பெற்றோர் சம்மதத்தைச் சரிபார்க்கிறேன் என்று தாய் தகப்பன்மாரின் அடையாளச் சீட்டுகளையும் கம்பெனிகள் குவித்துக்கொண்டால், ஆபத்து இரட்டிப்பாகும்.

ஆகையால் கேள்வியையே குறைப்பதுதான் மேலான வழி. தனியே ஆடும் விளையாட்டுக்குக் கணக்கே வேண்டாம் என்று நாம் கேட்க வேண்டும். இது நடவாத காரியமன்று. ஜி.ஓ.ஜி. என்ற போலந்து தேசத்துக் கடையில் வாங்குவதற்குத்தான் கணக்கு வேண்டும். வாங்கிய விளையாட்டை எடுத்து வைத்துக்கொண்டால் இணையமில்லாமலே தனியே ஆடலாம்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. விளையாட்டு வாங்குமுன் விலையை மட்டும் பாராமல், என்ன விவரம் கேட்கிறார்கள் என்பதையும் படித்துப் பாருங்கள். கணக்குத் திறந்துதான் ஆகவேண்டும் என்றால், அதைப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து திறவுங்கள். தேவையற்ற கேள்வி கேட்கும் விளையாட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். விளையாடப் போகிற பிள்ளை, பொய் சொன்னால்தான் கதவு திறக்கும் என்ற பாடத்தை முதலில் கற்றுக்கொண்டு உள்ளே போகக்கூடாது. அந்தப் பாடத்தை மறக்கச் செய்வது வகுப்பறையில் மிகவும் சிரமம்.