பாய் விரிக்க ஓர் இடம்

கலைஞனின் இல்லம் என்றதும், மெருகிட்ட மேசையும் கண்ணாடி அலுமாரியும் நிறைந்த மாளிகையே நம்மில் பலருக்கு மனக்கண்ணில் தோன்றுகிறது. வேறு சிலரோ, பெரும் பணம் செலவிட்டு வெறுமையாக்கிய கூடத்தைக் கற்பனை செய்கின்றனர். எளிமையும் இன்று சந்தையில் விலைப்படும் பண்டமாகிவிட்டது! ஆனால், எளிமையை விலைகொடுத்து வாங்காமலே பெருங்கலை வளர்த்த ஊர்கள் நம்மிடையே உண்டு.

யாழ்ப்பாணத்து அளவெட்டி அவற்றுள் ஒன்று. தவில் மேதை வி. தட்சணாமூர்த்தி (1933–1975), நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதன், கவிஞர் மஹாகவி (1927–1971), முற்போக்கு எழுத்தாளர் அ. ந. கந்தசாமி ஆகியோர் இவ்வூரின் பெயரோடு பிணைந்தவர்கள். மஹாகவி தமது 'கோடை' என்னும் பா நாடகத்துக்கு நாதஸ்வரக் கலைஞர் ஒருவரின் இல்லத்தையே களமாகக் கொண்டார்.

இப்பகுதியின் பழைய வளவை எண்ணிப் பாருங்கள். வீடு, அடுக்களை, தலைவாசல் ஆகியவை தனித்தனியே நிற்கும், நடுவே முற்றம். பனஞ்சலாகை மேல் ஓலைக் கூரை, மண் சுவர், சாணமிட்டு மெழுகிய தரை. திண்ணையொன்றே காலையில் பள்ளி, பகலில் தொழிற்சாலை, மாலையில் சங்கீத மண்டபம், இரவில் படுக்கை. இத்தனைக்கும் வேண்டிய தளபாடம் ஒரு பாய்தான். வேலை முடிந்ததும் அதைச் சுருட்டி மூலையில் சாத்திவிடலாம். ஏட்டை இடக்கையில் ஏந்தி எழுத்தாணியால் கீறிய நம் முன்னோருக்கும் மேசை வேண்டியிருக்கவில்லை.

தவிற்கலைஞனின் கருவிகளும் அவ்வாறே. பலாமரத்தில் குடைந்த உடல், இருபுறமும் தோல், இடப்புறத்துக்கு ஒரு கழி, வலக்கை விரல்களுக்குத் துணியும் பசையும் கொண்டு செய்த கூடுகள். இவை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் போதும். மீதி மணிக்கணக்கான சாதகம். பொருள்கள் குறைந்த இடத்தில் சிந்தை சிதறுவதில்லை.

பெர்னாட் ஷா தமது தோட்டத்தில் சிறு மரக்குடிலொன்றை அமைத்து, அதிலிருந்து எழுதினார். வெயிலின் திசைக்கேற்ப அக்குடிலையே சுழற்றலாம். நம்மூரில் குடில் சுழலவில்லை; வெளிச்சம் போகும் பக்கம் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டோம். கருத்து ஒன்றே: இடம் வேலைக்குப் பணிய வேண்டும்.

ஆயினும், எளிமையைப் போற்றப் புகுந்து வறுமையைப் போற்றிவிடலாகாது. நாம் படித்த காலத்தில் ஒரே அரிக்கன் விளக்கைச் சுற்றி ஐவர் அமர்ந்திருந்தோம். நம் சகோதரிகள் அடுக்களை வேலை முடித்துப் புத்தகத்துடன் வந்து சேரும்போது மண்ணெண்ணெய் தீர்ந்திருக்கும். அவர்களுக்கு எஞ்சிய வெளிச்சம் எது?

கலைஞன் அமர்ந்த பாயை இழைத்தவள் யார்? பனையோலையை வார்ந்து, சாயமிட்டு, பெட்டியும் கடகமும் பாயும் பின்னிய பெண்ணுக்கு முற்றத்து நிழலே வேலைத்தலம். அவள் படைப்பைக் 'கைவேலை' என்றோம். கலை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. திண்ணையை மெழுகியவளும் அவளே. அத்திண்ணையில் எல்லோரும் அமர முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. சாதியின் பேரால் முற்றத்திலேயே நிறுத்தப்பட்டோர் எத்தனை பேர்! அயலூரான மாவிட்டபுரத்தில் 1968இல் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட நேர்ந்ததை மறக்க முடியுமா? அழகிய அமைப்பு மட்டும் ஒரு வீட்டை நீதியுள்ள வீடாக்கிவிடாது.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பேரளவில் இடம்பெயர்ந்தனர். கையில் எடுத்தது போக எஞ்சியவை வீடுகளோடு கிடந்தன. போருக்குப் பின் மீண்டும் கட்டப்பட்ட சீமெந்து வீடுகள் பலவற்றை நாம் பார்த்திருக்கிறோம். விருந்தினர் கண்டு வியக்கும் காட்சி அலுமாரிக்கு அங்கே இடமுண்டு. படிக்கும் சிறுமிக்கு இடமில்லை. பழைய திண்ணை போயிற்று, அடுக்களைப் பாகுபாடு மட்டும் சுவருக்குள் குடிபுகுந்துவிட்டது.

ஓலைக் கூரைக்குத் திரும்புங்கள் என்று நாம் கூறவில்லை. அதன் ஒழுக்கையும் கரையானையும் அறிந்தவர்கள் நாம். ஆசிரியர்களும் மாணவர்களுமான நண்பர்கள், தம் வீட்டுக்குப் படம் வரையும்போது ஒரு கேள்வியை முதலில் கேட்கட்டும்: இவ்வீட்டில் வேலை செய்வோர் யார் யார்? ஒவ்வொருவருக்கும் காற்றும் வெளிச்சமும் உள்ள ஒரு மூலை, பொருள் வைக்க ஒரு மாடம், குறுக்கீடில்லாத ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். அடுக்களை வேலையைப் பகிர்ந்துகொண்டாலன்றி அந்த ஒரு மணி நேரம் பெண்ணுக்குக் கிட்டாது. அலங்காரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.